சுகந்தி குடித்த தண்ணீர்

மகனே,

நான் சுகமாக இருக்கிறேன் என்று தொடங்கத்தான் கை போனது. அதை எழுதினால் நம் குடும்பத்தில் இன்னொரு பொய் கூடிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். உடம்பு சுகம்தான், மனசுக்குத்தான் சுகமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் உனக்கு வழியனுப்பு ஆராதனை. மறுநாள் நீ ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறாய், அங்கே உள்ள ஏழை ஜனங்களுக்கு மிஷன்காரர்களோடு சேர்ந்து கிணறு தோண்டிக் கொடுக்க. அம்மா மேடைக்கு வந்து உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும், தங்கச்சி சுகந்தி எப்படிச் செத்தாள் என்று சபைக்கு இரண்டு வார்த்தை சாட்சியும் சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டாய். நான் 'ம்' என்றேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய். இப்போதெல்லாம் உனக்குப் பேச்சு நன்றாக வருகிறது. கடிதமென்றால் கடைசி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும். உன் சபையாரும் வாசிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

போன வாரம் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கவிதா, படிக்கிற கெம்பசிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். "பெரியம்மா, நீங்க வெளிநாட்டுல பேமஸ் ஆகிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். உங்கள் மிஷன் போட்டிருக்கிற வீடியோ. நம் தேயிலை மலை, வரிசை வீடுகளாய் நம் லயம், நம் லயத்து நாய்கூட அதில் இருந்தது. எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கிலீஷில் ஒருவர் பேசிக்கொண்டு போக, கவிதா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் குனிந்து கலங்கல் தண்ணீரை மொள்ளுகிற இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். "என்னாடி நிறுத்திட்ட?" என்றேன். "ஒண்ணுமில்ல பெரியம்மா, சும்மா தண்ணியப் பத்தித்தான் சொல்றாங்க" என்றாள். விடவில்லை நான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தன் கையால குடுக்கிற தண்ணிதான் தன் மகளக் கொல்லுதுன்னு இந்தத் தாய்க்குத் தெரியாதாம்." அதற்குப் பிறகு வீடியோவில் நீ வந்தாய். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தங்கச்சி வயிற்றுவலியில் துடித்ததைச் சொன்னாய். அசுத்தத் தண்ணீர் அவளைக் கொண்டுபோய்விட்டது என்று சொன்னாய். அறியாத தாய்மாருக்காக ஜெபியுங்கள் என்றும் சொன்னாயாம்.

சின்ன வயதில் உனக்குப் பொய் சொல்லவே வராது. வாய் திறக்கும் முன்னே காது சிவந்துவிடும். சர்க்கரை டின்னைத் திறந்தது நீயா தங்கச்சியா என்று கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை, காதைப் பார்த்தால் போதும். அந்த வீடியோவை நான் திரும்பவும் போடச் சொல்லி உன் காதைத்தான் பார்த்தேன். சிவக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை, ராசா. நீ பொய் சொன்னது ஒரு பக்கம், அது பொய் என்பதையே நீ மறந்துவிட்டாயோ என்ற பயம் ஒரு பக்கம்.

அந்தப் படம் பிடித்த நாளை நான் மறக்கவில்லை. வெள்ளைக்காரப் பையன் ஒருவனும் கொழும்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். நான் பெட்டியிலிருந்து நீல வொயில் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றேன், மகன் கூட்டிவந்த விருந்தாளிகள் ஆயிற்றே. நீ என்னை உள்ளே கூப்பிட்டு, "அம்மா, வீட்டுல கட்டுற பழைய சேலையே நல்லா இருக்கும்" என்றாய். மாற்றிக்கொண்டேன். நாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போனோம். மலைக்கு மேலே ஊற்றிலிருந்து குழாயில் இறங்கி, கண்ணாடி மாதிரி விழுகிறது தண்ணீர். நான் குடத்தை வைத்தேன். கெமராக்காரப் பையன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். இது ரொம்ப அழகாக இருக்கிறது, இதைப் பார்த்து யாருக்கு இரக்கம் வரும் என்று அவன் சொன்னதை நீ எனக்குச் சொல்லவில்லை, நானே அவன் முகத்தில் படித்துக்கொண்டேன். நீதான் வழி சொன்னாய். ஆட்டுக் கொட்டிலுக்குக் கீழே மழைத் தண்ணீர் தேங்குகிற குழி. "சும்மா ஒரு தடவ மொண்டு காட்டுங்கம்மா, அவ்வளவுதான்." ஆடு குடிக்கிற தண்ணீரைக் காட்டுகிறார்களாக்கும் என்று நினைத்து மொண்டேன். ஒரு தடவை பற்றாது என்றார்கள், திரும்பவும் மொண்டேன். நீ கேட்டாய் என்பதற்காக. மண்ணைத் தின்று காட்டச் சொல்லியிருந்தாலும் அன்றைக்குத் தின்று காட்டியிருப்பேன், மகன் முகம் வாடக் கூடாதே என்று.

சரி, சுகந்தி எப்படிச் செத்தாள்? உனக்குத் தெரியாததில்லை. உன் சபையாருக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். முதல்நாள் சாயந்திரமே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். கசாயம் கொடுத்தேன், நிற்கவில்லை. விடிந்ததும் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டொக்டர் ஐயா லீவு, பூட்டியிருந்தது, திரும்ப வீட்டுக்கே தூக்கிவந்தேன். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மெயின் ரோட்டுக்கே அத்தனை தூரம் இறங்க வேண்டும், பிள்ளையால் காலை நீட்ட முடியவில்லை. தோட்டத்தில் அன்றைக்கு ஓடிய ஒரே வாகனம் தேயிலைக் கொழுந்து ஏற்றிப்போகிற லொறி. உன் அப்பா அதில்தான் கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற வேலை. உன்னை ஆபீசுக்கு அனுப்பினோம், சின்னப் பிள்ளை போய் அழுதால் மனசு இளகும் என்று. நீ ஓடினாய், செருப்புகூடப் போடாமல் ஓடினாய். தோட்டத்து அதிகாரி சின்ன தொரை வெளியே வரவில்லை. கணக்கப்பிள்ளைதான் வந்தார். "மொதல்ல கொழுந்து போகட்டும்டா, வாடிப் போனா யாரு பதில் சொல்றது? லொறி திரும்பி வந்தொடனே ஏத்திட்டுப் போலாம்னு தொர சொல்லிட்டாரு." நீ அழுதுகொண்டே திரும்பி வந்து அதை அப்படியே எங்களிடம் சொன்னாய். கணக்கப்பிள்ளை உன் அப்பாவிடமும் சொன்னார்: "சீக்கிரம் ஏத்து, சீக்கிரம் போய்ட்டு வந்துரும்." உன் அப்பா அதை நம்பினார். மகள் உள்ளே கத்திக்கொண்டு கிடக்க, அந்த மனுஷன் ஓடி ஓடிச் சாக்கு ஏற்றினார். அத்தனை வேகமாக அவர் வேலை செய்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

லொறி திரும்பி வரவில்லை. பெக்டரியில் நிறுத்திவைத்துவிட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறின பிறகு அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினோம். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா எங்களைப் பார்த்ததுதான் தாமதம், கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் வேனை எடுத்தார். "அழாதீங்க தங்கச்சி, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார். சேர்த்தார், பாவம். ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. குடல்வால் வெடித்துவிட்டது, காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். என்னையே கேட்டார். நான் என்ன சொல்லுவது? கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தோம் என்றா? இருட்டுகிற நேரத்தில் சுகந்தி போய்விட்டாள். உன் அப்பா அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் லொறி வேலைக்குப் போகவில்லை. மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனார், தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போனார். லொறிச் சத்தம் கேட்டால் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கி நின்றுகொள்வார்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் மிஷன்காரர்களிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், கதைக்கு ஒத்துவராதே. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. தாய்மார் விடியற்காலையில் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறும்போது பச்சைப் பிள்ளைகளை என் கையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் போனதும் செய்கிற முதல் வேலை அடுப்பை மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைப்பது. கொதித்து, ஆறி, துணியில் வடித்த பிறகுதான் ஒரு பிள்ளையின் வாய்க்கு ஒரு சொட்டுப் போகும். உனக்கும் தங்கச்சிக்கும் அந்தத் தண்ணீரைத்தான் போத்தலில் ஊற்றிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஆறின தண்ணீரில் ருசியில்லை, பீலியில் வாய் வைத்துக் குடித்தால்தான் ருசி என்று நீ அடம்பிடித்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் கொதிக்கவைத்தே கை காய்த்துப்போனவளை, அறியாத தாய் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டாய். என் பெயருக்காக நான் அழவில்லை. நேற்றுக் காலையில் நடந்ததைக் கேள். மேல் லயத்து மாலதி, கைப்பிள்ளைக்காரி, பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "என்னா புள்ள, பெரட்டுக்கு நேரமாச்சே, வேலைக்குப் பேர் குடுக்கப் போகல?" என்றேன். இழுத்து இழுத்துக் கேட்டாள்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. தண்ணிய நல்லா கொதிக்க வச்சுத்தானே குடுக்குறீங்க? போன்ல பார்த்தேன், அதான்..." அவளையும் நான்தான் தூளியில் ஆட்டி வளர்த்தேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, பெற்றவள் கேட்கத்தான் செய்வாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவைத்தவன் நீ.

அந்த வீடியோவைக் காட்டி உங்கள் மிஷன் நம் லயத்துக்குத் தோண்டிக் கொடுத்த கிணற்றை நான் குறை சொல்லமாட்டேன். தண்ணீர் நல்ல தண்ணீர். தை, மாசியில் பீலி நூலாக இளைத்துவிடும், குடத்தை வைத்துவிட்டுக் காத்துக் கிடப்போம், சண்டையும் வரும். மேலே மரக்கறித் தோட்டம் போட்டவர்கள் மருந்து அடிக்கிறார்கள், அது ஊற்றில் கலக்கிறதோ என்ற பயமும் எல்லாருக்கும் இருந்தது. இவ்வளவும் உண்மை. இதைச் சொல்லியே கேட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு பிள்ளை செத்தால்தான் கிணறு கிடைக்குமென்றால் அது என்ன இரக்கம்? அந்தக் கிணறு தோண்டுகிற மெஷின் மேலே வர வேண்டுமென்று தோட்ட நிர்வாகம் பாதையை அகலமாக வெட்டி, கல் போட்டு, மதகு கட்டிக் கொடுத்தது. கேட்டதும் செய்தார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் அன்றைக்கு ஒரு லொறியைத் திருப்பிவிடவில்லை. மெஷின் ஆடி ஆடி ஏறி வந்ததை லயத்து ஜனம் கைதட்டிப் பார்த்தது. நான் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிணற்றுத் திறப்பு விழாவில் நடந்ததுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. அன்றைய சின்ன தொரை எங்கெங்கோ போய்விட்டு இன்றைக்குப் பெரிய தொரையாக நம் தோட்டத்துக்கே வந்திருக்கிறார். அவருக்கு நீ மாலை போட்டாய். கிணற்றடிக் கல்லில் அசுத்தத் தண்ணீருக்குப் பலியானவள் என்று சுகந்தி பெயரை வெட்டி, அதை அவர் கையாலேயே திறக்கவைத்தாய். அவர் என் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழில், "பாவம் அம்மா, தண்ணி சரி இல்லேன்னா பெரிய வியாதி வரும்தானே" என்றார். நடிக்கவில்லை, மகனே. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. அன்றைக்கு லொறியைத் தராதவர், என் பிள்ளை தண்ணீரால் செத்தாள் என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அன்றைக்கு வீடு வந்ததும் உன்னிடம் கேட்டேனே, ஞாபகமிருக்கிறதா? நீ என்ன சொன்னாய்? "அம்மா, லொறிக் கதைய சொன்னா தொர கெணத்துக்கு எடம் குடுத்திருப்பாரா? எடம் கம்பனியோடதும்மா. இப்ப தண்ணி வந்துச்சா இல்லையா, அதப் பாருங்க." அப்போது வீடியோவில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கல்லில் மட்டும்தான் பொய் இருக்கிறது என்று நினைத்து, பிள்ளை ஏதோ ஊருக்கு நல்லது செய்கிறான் என்று விட்டுவிட்டேன்.

ஒரே நாளில் இந்தப் பொய் முளைத்திருக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் சபையில் எழுந்து நின்று தங்கச்சி வயிற்றுவலியில் செத்தாள் என்று மட்டும் சொல்லியிருப்பாய். அது உண்மைதான். யாரோ ஒரு பாஸ்டர், தண்ணீர் காரணமாக இருக்குமோ என்று கேட்டிருப்பார். நீ இருக்கலாம் என்றிருப்பாய். அடுத்த கூட்டத்தில் அந்த 'இருக்கலாம்' விழுந்திருக்கும். கேட்டவர்கள் அழுதிருப்பார்கள். லொறியைச் சொன்னால் யாரும் அழமாட்டார்கள், சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள், அரசியல் பேசுகிறான் என்பார்கள். தண்ணீருக்குச் சங்கமில்லை, வக்கீலில்லை, அதன் மேல் எந்தப் பழியையும் போடலாம். அப்படித்தானே? ஆனால் தண்ணீர் தானாக நடந்து வந்து பிள்ளை வாயில் விழாதே, யாரோ ஒருத்தி ஊற்ற வேண்டுமே. அதை நீ யோசிக்கவில்லை. தொரையைக் காப்பாற்றப் போய் அம்மாவைக் கொலைகாரியாக்கிவிட்டாய். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், நீ ஞானஸ்நானம் எடுத்தபோது ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. உன் வேதத்திலேயே பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று கட்டளை இருக்கிறதாமே, கவிதா சொன்னாள். அவள் உன் சபைக்காரிகூட இல்லை.

போகிற இடத்தில் உனக்கு நல்லது நடக்கட்டும். கிணறு தோண்டு, வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை எந்தத் தாய் வேண்டாமென்பாள்? ஆனால் அங்கேயும் ஒரு லயமோ குடிசையோ இருக்கும், அதன் வாசலில் ஒரு அம்மா நிற்பாள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று இருக்கிறதில் நல்லதை உடுத்திக்கொண்டு நிற்பாள். அவளைப் பழையதை மாற்றிக்கொண்டு வரச் சொல்லாதே. அவள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் படம் பிடி, ஆடு குடிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போகாதே. அவள் பிள்ளை எப்படிச் செத்தது என்று அவளிடமே கேள், பாதை இல்லாமல் செத்திருந்தால் பாதை இல்லாமல் செத்தது என்று எழுது. படம் முடிந்ததும் அதை அவளுக்குப் போட்டுக் காட்டி, அவள் பாஷையில் என்ன சொல்கிறது என்று விளக்கிச் சொல். அவள் தலையசைத்த பிறகு உலகத்துக்குக் காட்டு. அங்கேயும் ஒரு கவிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிற நிலைமை வர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வருவேன். நீல வொயில் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வருவேன், இந்தத் தடவை மாற்றமாட்டேன். மைக் முதலில் உன் கைக்குத்தான் வரும். தங்கச்சி குடல்வால் வெடித்துச் செத்தாள், லொறி கேட்டோம், கொழுந்தை ஏற்றி அனுப்பினார்கள், அவள் குடித்தது அம்மா கொதிக்கவைத்த தண்ணீர் என்று நீ சொல்லு. தொரைக்குக் கோபம் வரும், மிஷன்காரர்களுக்குத் தலையிறக்கமாக இருக்கும், ஒருவேளை உன் பயணமும் நின்றுபோகும். அதெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ சொல்லிவிட்டால் நான் வாயே திறக்கமாட்டேன், உன் தலையில் கைவைத்து அனுப்புவேன். நீ சொல்லாமல் மைக்கை என்னிடம் நீட்டினால் நான் சொல்லுவேன். சொல்லி முடித்த பிறகு அப்போதும் உன் தலையில் கைவைப்பேன், பெற்றுத் தொலைத்துவிட்டேனே. ஆனால் அது சொல்லப்படாமல், அவளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிய இந்தக் கை உன் தலைக்கு வராது.

உன் அம்மா